மீன்பாடி வண்டியில் ஏறிய கிட்டார்

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பேண்டு செட்டில் சேர வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் வந்து சேர்ந்திருப்பது ரொம்பக் கூத்தான தொழில். டிரம்பெட்காரருக்கு மூச்சு இருந்தால் போதும். டிரம்காரருக்குக் குச்சி இருந்தால் போதும். நமக்கு மட்டும் பேட்டரி வேண்டும், ஒயர் வேண்டும், அந்த ஒயரை மிதிக்காமல் ஆடத் தெரிந்த மாப்பிள்ளைத் தோழர்கள் வேண்டும். இதெல்லாம் தெரிந்தே வந்திருக்கிறீர்கள் என்றால் என்னைப்போல உங்களுக்கும் கொஞ்சம் கிறுக்கு பிடித்திருக்கிறது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

என் இடது கை விரல்கள் இப்போது மடங்க மாட்டேன் என்கின்றன. போன பொங்கலோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வாய் மட்டும் நிற்கவில்லை. கம்பியை எப்படி மாற்றுவது, எந்தச் சுரங்களைச் சேர்த்து எந்தக் கார்டாகப் பிடிப்பது என்பதையெல்லாம் நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்வீர்கள். நானும் அப்படிக் கற்றவன்தான். போனில் வராத சங்கதி ஒன்றிரண்டு என்னிடம் இருக்கிறது, அதைக் கொட்டிவிட்டுப் போகிறேன்.

நான் புளியந்தோப்புக்காரன். ஆடி மாதக் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லா வாத்தியமும் கீபோர்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதும் குழுவுக்கு நான் தேவைப்படவில்லை. மணலியில் ஒரு தொழிற்சாலைக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டின்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாட்டுக் கேட்பேன். அப்படித்தான் ஒருநாள் ஜாஸ் வந்து மாட்டியது. சோற்றில் வைத்த கை காய்ந்துபோகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே அமெரிக்காவில் அது தெருவில் வளர்ந்த இசை என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரம்பெட், கிளாரினெட், டிரம் எல்லாம் நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். கொண்டாட்டத்துக்கும் அவர்கள்தான், சாவுக்கும் அவர்கள்தான். அடப் பாவிகளா, இது நம்ம வியாசர்பாடி பேண்டு செட் அல்லவா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

அந்தக் கூட்டத்தில் கிட்டார் எங்கே என்று தேடினேன். ஆரம்பத்தில் அதற்குச் சரியான இடமே இல்லை. பான்ஜோதான் ராஜா. தோல் கட்டிய வாத்தியம், கணீரென்று தெருக்கோடி வரை கேட்கும். பிறகு மெல்ல உள்ளே நுழைந்த கிட்டார்க்காரர்களுக்கு டிரம் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு சுற்றுக்கு நாலு அடி, ஜக் ஜக் ஜக் ஜக் என்று கார்டை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே வரிசையாக ஊதுகிறவர்கள். கிட்டார் வாசிப்பது ஜனங்களுக்குக் கேட்காது. ஆனால் அது நின்றுபோனால் மொத்தப் பேண்டும் நொண்டும். கேட்க வைப்பதற்காக அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, உடம்பு பெருத்த கிட்டார் செய்து பார்த்தார்கள், தடித்த கம்பி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கம்பிக்கு அடியில் காந்தத்தை வைத்து ஒயரைச் செருகினார்கள். அவ்வளவுதான், டிரம் பக்கத்தில் ஒண்டிக்கிடந்தவன் எழுந்து முன்னால் வந்து, சாக்ஸபோன் மாதிரி ஒற்றை ஒற்றைச் சுரமாக நீட்டி வாசிக்க ஆரம்பித்தான். அந்த இடத்தைக் கேட்ட அன்றைக்கே மணலி வேலையை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன்.

வியாசர்பாடியில் ஒரு பேண்டு மாஸ்டர் இருந்தார். கிளாரினெட் வாசிப்பார். அவர் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை, எல்லோருக்கும் மாஸ்டர், எனக்கும் மாஸ்டர். ஊர்வலத்தில் கிட்டார் வாசிக்கிறேன் என்று போய் நின்றேன். ஊதுகிற இடத்தில் நரம்பு வாத்தியம் எதற்கு என்று சிரித்தார். அவர் அடிக்கடி வாசிக்கும் ஒரு வளைவான சங்கதியை அப்படியே கிட்டாரில் வாசித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. திரும்ப வாசிக்கச் சொன்னார். அடுத்த வாரம் ராயபுரத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம், சட்டை அளவு கொடுத்துவிட்டுப் போ என்றார்.

சிவப்புச் சட்டை, தோளில் தங்கச் சரிகை. ராயபுரத்துத் தெருவில் கால் வலிக்க நடந்தேன், விரல் வலிக்க வாசித்தேன். மண்டபத்து வாசலில் பெரிய டிரம் அடிக்கிறவர் என் தோளைத் தட்டி, நீ எப்போது வாசிக்கப் போகிறாய் என்று அக்கறையாக விசாரித்தார். நான் வாசித்தது என் பக்கத்திலேயே நடந்துவந்தவருக்குக் கேட்கவில்லை. போனில் பார்த்த அந்தப் பழைய கிட்டார்க்காரர்கள் பட்ட அவமானம் எனக்கு அந்த வாசலில் முழுசாகப் புரிந்தது.

சரி, ஒயரைச் செருக வேண்டியதுதான். ஆனால் தெருவில் நடக்கிறவனுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? அங்கேதான் என் சிநேகிதன் தேசிங்கு வந்தான். காலையில் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப்போகும் மீன்பாடி வண்டி அவனுடையது. முன்னால் பெட்டி, பின்னால் மிதிக்கிற சீட். சாயங்காலம் வண்டி சும்மாதான் நிற்கும். பெட்டியில் ஆட்டோ பேட்டரி, இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வைத்துக் கட்டினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாலும் மீன் வாடை போகவில்லை. பெட்டியைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டிவிட்டான். மல்லியும் வஞ்சிரமும் கலந்த அந்த வாடையோடுதான் எங்கள் தொழில் முன்னேறியது. வடசென்னையில் ஊர்வல பேண்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த முதல் ஆள் நான் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. இதுவரை யாரும் வந்து மறுக்கவில்லை.

வண்ணாரப்பேட்டையில் முதல் வாசிப்பு. என் கிட்டார் உள்ளே காலியான பெரிய உடம்புக் கிட்டார். அதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிறுத்தி வால்யூமை ஏற்றினால் அது தன் சத்தத்தைத் தானே வாங்கி ஊளையிடும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ராயபுரத்து அவமானம் தீரவேண்டும் என்று குமிழைக் கடைசி வரை திருகிவிட்டேன். தெருவே காதைப் பொத்துகிற மாதிரி ஒரு ஊளை. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த சாரட் வண்டியின் குதிரைக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டது. கடைத்தெருவில் பாவாடை, சுடிதார் தொங்கவிட்ட கம்பிகளையெல்லாம் தாண்டிப்போய் ஒரு கரும்புச்சாறு கடையில் சக்கையைத் தின்றுகொண்டு நின்றது. மாப்பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் தலையில் யாரோ ஒருவருடைய துப்பட்டா கிடந்தது.

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு மாஸ்டர் சிரிக்கவில்லை. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு என்னிடம் வந்தார்.

"இத்தோ பாரு கிட்டாரு, என் பேண்டுக்கு ஒரு பேரு கீது. இன்னும் ஒரே ஒரு ஊர்வலம் பாக்குறேன். எவனாவது வாயத் தொறந்து கொற சொன்னான்னு வையி, நீ மணலிக்கே போயிடு."

மணலியில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. அது மட்டும் என்றால் பரவாயில்லை, எங்காவது மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொள்வேன். கிட்டாரும் கிளாரினெட்டும் தெருவில் ஒன்றையொன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டு போகிற ஒரு பேண்டு என் தலைக்குள் வாசித்துக்கொண்டே இருந்தது. அதை வெளியே கேட்காமல் போய்விடுவேனோ என்பதுதான் என் பயம். பழைய சோபா பஞ்சைக் கிழித்துக் கிட்டாரின் வயிற்றில் திணித்தேன். ஆம்ப்ளிஃபயரை எனக்கு முதுகு காட்டித் திருப்பிவைத்தேன். ஊளை அடங்கியது.

அந்தக் கடைசி வாய்ப்பு திருவொற்றியூரில் வந்தது. மெட்ரோ ரயிலுக்காக நெடுஞ்சாலையைத் தோண்டிப் போட்டிருந்த நேரம். சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது ஊர்வலம் கிளம்பியது. குதிரை இல்லை, பூ வைத்த கார்தான். நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். மாஸ்டர் ஒரு வரி வாசித்தார், நான் ஒரு வரி பதில் வாசித்தேன். அவர் புருவத்தைத் தூக்கிவிட்டு இன்னும் கஷ்டமாக ஒன்றை வீசினார், நான் அதையும் பிடித்துத் திருப்பி வீசினேன். மாப்பிள்ளைத் தோழர்கள் விசில் அடித்தார்கள். பெரிய டிரம்காரர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அரைமணி நேரம் அதற்கு முன்பு வந்ததில்லை.

அப்போது சாலையில் பள்ளம் என்று போலீஸ்காரர் ஊர்வலத்தை ஒரு உள் தெருவுக்குள் திருப்பிவிட்டார். கார் நுழைந்தது, நாங்கள் நுழைந்தோம், விளக்கு வண்டிகள் நுழைந்தன. திருப்பத்தைத் தாண்டியதும் முன்னால் ஒரு சாமியானா. அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஐஸ் பெட்டி, அதன்மேல் மாலைகள். சாவு வீடு.

எந்தப் பேண்டு செட்டும் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மாஸ்டர் கையைத் தூக்கினார், ஊதுகிறதும் அடிக்கிறதும் ஒரே நொடியில் நின்றது. பேசாமல் கடந்து போய்விட்டு அடுத்த தெருவில் மறுபடி தொடங்குவது வழக்கம். ஆனால் அங்கே கடக்க முடியவில்லை. நாற்காலிகள் பாதித் தெருவை அடைத்திருந்தன. பின்னால் விளக்கு வண்டிகளும் ஜனங்களும் நெருக்கிக்கொண்டு நின்றதால் காரைப் பின்னால் எடுக்கவும் வழியில்லை. வழி இருந்தாலும், கிளம்பிய மாப்பிள்ளையைத் திருப்ப யார் சம்மதிப்பார்கள்?

மாப்பிள்ளையின் தாய்மாமன் காரிலிருந்து இறங்கினார். சாவு வீட்டைப் பார்த்ததே போதாதா, வாத்தியச் சத்தமும் இல்லாமல் என் பிள்ளை இதைத் தாண்டக் கூடாது, அடியுங்கள் என்று மாஸ்டரை நெருக்கினார். அந்தப் பக்கத்து இளவட்டங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். ஒரு சத்தம் வந்தால் வாத்தியம் முழுசாக வீடு போகாது என்றார்கள். நிலைமை தெரியாத தோழன் ஒருவன் பின்னாலிருந்து விசில் அடித்தான். ஒரு பையன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். மாஸ்டர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, அந்த இடத்தில் சும்மா நிற்பது எனக்கு ரொம்பச் சுலபம். அடிதடி நடந்தால் யாரும் கிட்டாரைக் குறை சொல்லப் போவதில்லை. வாசித்து அது தப்பாகிப் போனால் என் மண்டையும் போகும், பேண்டில் என் இடமும் போகும். மூளை மட்டும் எங்கேயோ ஓடுகிறது. தாய்மாமனுக்கு ஒரு வாத்தியம் கேட்க வேண்டும். அந்த இளவட்டங்களுக்குக் கேட்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடிய வாத்தியம் அந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது.

கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். தேசிங்கு பதறிப்போய் என்னைப் பார்த்தான். கம்பியை மீட்டுகிற பிக்கைச் சட்டைப் பையில் போட்டேன். ஜாஸ் கிட்டாரில் பிக்கே இல்லாமல் கட்டைவிரல் சதையால் வாசித்தவர்கள் உண்டு. அந்தச் சத்தத்துக்கு முனை இருக்காது. காரின் ஜன்னலை ஒட்டிப் போய் நின்றுகொண்டு கட்டைவிரலால் கார்டுகளை மட்டும் வாசித்தேன். ஒரு சுற்றுக்கு நாலு அடி, நடக்கிற வேகத்தில்.

மெட்டு வாசிக்கவில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மெட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அது சந்தோஷமா துக்கமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். சந்தோஷம் என்றால் அவர்கள் அடிப்பார்கள், துக்கம் என்றால் இவர்கள் அடிப்பார்கள். வெறும் கார்டும் தாளமும் யார் பக்கமும் இல்லை. கேட்காமலே கிடக்கிறோமே என்று எந்த வேலையைப் பார்த்து அந்தப் பழைய கிட்டார்க்காரர்கள் நொந்துகொண்டார்களோ அந்த வேலையைத்தான் செய்தேன். எத்தனை பேர் எத்தனை வருஷம் பாடுபட்டு ஒயரைச் செருகினார்கள், நான் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மாஸ்டருக்குப் பொறி தட்டியது. தாய்மாமனைத் தோளில் கைபோட்டு என் பக்கத்தில் இழுத்துவந்தார்.

"வாத்தியம் கேக்குதா இல்லியா, சொல்லு நைனா."

தாய்மாமன் குனிந்து காதை வைத்தார். கேட்கிறது என்று ஒப்புக்கொண்டார். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி, நாற்காலியைத் தூக்கிய பையனிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்றான். கையில் இருந்த நாற்காலியை என்ன செய்வது என்று தெரியாமல் கீழே வைத்தான். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

நாற்காலிகளை நகர்த்தினால்தான் கார் போகும். யாரும் அசையவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். இறந்தவரின் மகள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தலை கலைந்து, கண் வீங்கியிருந்தது. ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கி ஓரத்தில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு இளவட்டங்களும் வந்து தூக்கினார்கள். வழி கிடைத்தது. கார் நகர்ந்தது, நான் ஜன்னலோடு நகர்ந்தேன். ஐஸ் பெட்டி கை எட்டும் தூரத்தில் வந்தது. அந்தப் பெண் என் கிட்டாரைப் பார்த்தார்.

"அண்ணா, கொஞ்சம் மெதுவா போ."

வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். டிரைவரும் குறைத்தார். மாப்பிள்ளை காருக்குள்ளேயே கைகூப்பினார். சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லோரும் வாத்தியத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு என் நாலு அடிக்கு நடந்துவந்தார்கள்.

அடுத்த தெருவில் மாஸ்டர் கையைக் காட்டினார், பேண்டு வெடித்துக் கிளம்பியது. நான் ஒயரைச் செருகிக்கொண்டேன். மண்டபத்தில் தாய்மாமன் மாஸ்டரைத் தனியே கூப்பிட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கை இரண்டு மூன்று முறை என் பக்கம் நீண்டது. பேச்சு கேட்கவில்லை. மாஸ்டர் திரும்பிவந்து என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சரி, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். தேசிங்கு வண்டியை மிதிக்க, நான் பெட்டியில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தேன்.

மறுநாள் காலையில் மாஸ்டரிடமிருந்து போன்.

"திருவொத்தியூரு போ. நேத்து சாவு வூட்லேந்து ஆளு வந்து கேட்டுக்கினு போறாங்க. பேண்டு வேணாமாம். கிட்டாரு மட்டும் வந்தா போதுமாம்."

அவர் குரலில் கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. எப்பேர்ப்பட்ட பேண்டு அது. அந்தப் பேண்டு வேண்டாம் என்று அதன் மாஸ்டரிடமே போய் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை அவர் வாயாலேயே எனக்குச் சொல்லவேண்டி வந்துவிட்டது.

போனேன். ஆம்ப்ளிஃபயரை எடுத்துப்போகவில்லை. மகள் வாசலில் நின்றிருந்தார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். வேலை விட்டு வந்த பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். வெடியும் வேண்டாம், மேளமும் வேண்டாம் என்று மகள் பிடிவாதம் பிடிக்க, ஊர் என்ன பேசும் என்று உறவுக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்வலம் வந்து நின்றபோது அந்தச் சண்டைதான் அங்கே பாதியில் நின்றிருக்கிறது.

"வாணாள் பூரா சத்தத்துல கெடந்தாரு. இன்னிக்கு ஒரு நாளாவது அவரு நிம்மதியா போவட்டும்ணா."

பாடையைத் தூக்கினார்கள். நான் முன்னால் நின்று கட்டைவிரலைக் கம்பியில் வைத்தேன். தெருமுனையில் தேசிங்கின் மீன்பாடி வண்டியிலிருந்து ஒருவர் இறங்குவது தெரிந்தது. மாஸ்டர். சிவப்புச் சட்டை போட்டு, சரிகை வைத்து, பித்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் கிளாரினெட் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நீங்கள் முன்னால் வாருங்கள் என்று நான் நகர்ந்து இடம் விட்டேன். பேண்டு என்று ஒன்று நடந்தால் மாஸ்டர்தானே முன்னால் நடப்பார்.

அவர் தலையை ஆட்டினார்.

"இது உன் பேண்டு, நைனா. நீ முன்னாடி போ."

எனக்குப் பின்னால் போய் நின்று சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான் வாசிக்க ஆரம்பித்தேன். சுடுகாடு வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவருடைய செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் சரியாக விழுந்துகொண்டே வந்தது.